எம்.பி.யிடம் மதகு கேட்கும் ஊர்

தேர்தல் காலத்தில் எங்கள் முல்லைத்தீவில் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வரை எந்தச் சந்தியில் வேட்பாளர் வந்து இறங்கினாலும் கேட்கப்படுவது ஏறத்தாழ ஒன்றுதான். உள்வீதிக்குக் கிரவல் எப்ப போடுவீங்கள், மதகு எப்ப கட்டுவீங்கள், யானை வேலி எப்ப வரும், பிள்ளைக்கு ஒரு வேலை எடுத்துத் தர ஏலுமா. வேட்பாளர் தலையாட்டுவார். பின்னால் நிற்பவர் கொப்பியில் குறித்துக்கொள்வார். “நீங்கள் கொழும்புக்குப் போய் எந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்துவீங்கள், எதுக்கு உயர்த்த மாட்டீங்கள்?” என்று ஒருவர் கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

சனத்தைக் குறை சொல்ல மாட்டேன். மாரி மழையில் மதகு உடைந்தால் அடுத்த நாளே பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாது. கொழும்பில் ஒரு சட்டமூலம் நிறைவேறினால் அன்றைக்கு ஊரில் ஒரு இலைகூட அசையாது. அது வந்து சேர வருடங்கள் எடுக்கும். வந்து சேரும்போது கடிதமாகவோ, எல்லைக்கல்லாகவோ, “உங்கட பெயர் பட்டியல்ல இல்லை அம்மா” என்ற ஒரு வரியாகவோ வரும். அப்போது அதற்குக் கை உயர்த்தியவர் யார் என்று தேட யாருக்கும் நேரம் இருக்காது.

முறையும் அப்படித்தான் அமைந்து கிடக்கிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும். ஜனாதிபதி நியமித்த ஒரு அமைச்சரோ எம்.பி.யோ தலைமை வகிப்பார், மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபர் பக்கத்தில் இருப்பார், திணைக்களத் தலைவர்கள் வரிசையாக எழுந்து பதில் சொல்வார்கள். பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஒன்றும் எம்.பி.மாரின் பெயரில் வரும், அதில் கதிரை, தகரம், விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து என்று வாங்குவார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எம்.பி. என்றால் அரசாங்க அதிபருக்கு மேலே ஒரு அதிகாரி, அவ்வளவுதான்.

மாலை வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். எல்லா அரசறிவியல் ஆசிரியர்களையும் போல நானும் கரும்பலகையில் மூன்று பெட்டி கீறுவேன்: சட்டவாக்கம், நிறைவேற்றுத்துறை, நீதித்துறை. மொன்தெஸ்கியு 1748இல் பிரெஞ்சில் எழுதியதை முல்லைத்தீவில் சோக்கட்டியால் எழுதிவிட்டுத் திரும்பினால், ஒரு பிள்ளை கேட்டாள்: “அப்ப கச்சேரிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிற எம்.பி. எந்தப் பெட்டிக்குள்ள, சேர்?”

நல்ல கேள்வி. எங்கள் நாட்டில் இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் சுவர் இல்லை, வேலிதான் இருக்கிறது, அதிலும் நிறையக் கடவைகள். ஜனாதிபதி பாராளுமன்றத்துக்கு வெளியே மக்களால் தனியாகத் தெரிவு செய்யப்படுகிறார். ஆனால் அவருடைய அமைச்சர்கள் எல்லாரும் பாராளுமன்றத்துக்குள்ளே இருப்பவர்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரையை வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். மக்களின் சட்டவாக்க அதிகாரத்தைப் பாராளுமன்றமும், சர்வசன வாக்கெடுப்பில் மக்களும் பிரயோகிக்கிறார்கள். நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதிக்கு. நீதி அதிகாரம்? அதைப் பாராளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாகப் பிரயோகிக்கிறது. இந்த இடத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நீதிமன்றம் தன் சொந்தக் காலில் நிற்பதாக அந்த வரி சொல்லவில்லை. அந்த வரி எப்படி வேலை செய்யும் என்பதை நாடு 2013இல் கண்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எண்கள். பாராளுமன்றத்தில் 225 ஆசனங்கள், அதில் 29 தேசியப் பட்டியல். வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் அந்த வன்னி. கிளிநொச்சி, வன்னியின் நடுவில் இருந்துகொண்டே, வாக்குப் போடும்போது யாழ்ப்பாணத்தோடு எண்ணப்படுகிறது. 2024 நவம்பரில் அந்த ஆறு ஆசனங்களையும் ஐந்து கட்சிகள் பகிர்ந்துகொண்டன. 225இல் 6 கை. இதை வைத்து ஒரு சட்டத்தைக் கொண்டுவரவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அதனால்தான் “அவை அங்க போய் என்னத்தைக் கிழிக்கிறது, இங்க ஒரு மதகையாவது கட்டட்டும்” என்று எங்கள் ஆட்கள் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இருக்கிறது. சட்டவாக்கம் என்பது கடைசி நாளில் கை எண்ணுவது மட்டும் இல்லை.

இதை விளங்கப்படுத்த எனக்குப் பாடநூலைவிடப் போகக் கூட்டம்தான் உதவுகிறது. வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் எவருக்கும் அது தெரியும். காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்பருவத்துக்கும் முன்னால் இந்த விதைப்புக் கூட்டம் கூடும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெரிய குளங்களுக்கு அரசாங்க அதிபரின் தலைமையில், நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்லித் தொடங்குவார். பிறகு எல்லாம் பேச்சு. எப்போது துருசு திறந்து குளத்துத் தண்ணீர் விடுவது, எப்போது பூட்டுவது, விதைப்பு முடிய வேண்டிய கடைசித் திகதி எது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, வாய்க்கால் துப்புரவு எந்த நாளில், கட்டாக்காலி மாட்டை எந்தத் திகதிக்குப் பிறகு பிடித்துக் கட்டலாம். சிறுபோகத்தில் தண்ணீர் காணாது என்றால் எத்தனை ஏக்கர், அதை யார் யாருக்கு எப்படிப் பங்கிடுவது. வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவரும் கடைசியில் வயல் உள்ளவரும் இந்த இடத்தில் சகோதரர்களாக இருந்தாலும் எதிரிகள்தான்.

இதை ஒரு ஊர்க்கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அங்கே எடுக்கப்படும் முடிவு அந்தப் போகத்துக்கு எல்லாரையும் கட்டுப்படுத்தும், மீறினால் நீதிமன்றம் வரை போகலாம். சின்னக் குளங்களுக்குக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இதே மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. ஆக, பாராளுமன்றம் எங்கேயோ இருந்து தன் அதிகாரத்தில் ஒரு துண்டை வெட்டி, வயல்காரரின் கையில் கொடுத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். அறிக்கையை யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வதில்லை. ஒரு திகதியை இரண்டு நாள் தள்ளினால்கூட ஏன் என்று கேட்பார்கள். கூட்டம் முடியும் நேரத்தில் ஒரு உத்தியோகத்தர் எழுந்து “இன்னொரு சின்ன விசயம்” என்று தொடங்கினால், வாசலுக்குப் போனவரும் திரும்பி வந்து இருப்பார். அந்தச் சின்ன விசயத்தில்தான் தண்ணீர் போகும் என்று அனுபவத்தில் தெரியும்.

அந்தக் கண்ணோடு பாராளுமன்றத்தைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு சட்டமூலம் முதலில் வர்த்தமானியில், அதாவது அரசிதழில், வரும். சில நாட்களுக்குப் பிறகு ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும். அதற்குப் பிறகு ஒரு குறுகிய காலம், அதற்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் “இது அரசியலமைப்புக்கு முரண்” என்று மனுக் கொடுக்கலாம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே உயர் நீதிமன்றம்தான் நாட்டின் மிக மேலான நீதிமன்றம்.) நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்: சாதாரணப் பெரும்பான்மை போதுமா, 150 வாக்கு வேண்டுமா, அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டுமா. பிறகு இரண்டாம் மதிப்பீடு என்ற பெரிய விவாதம், குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு. கடைசியில் சபாநாயகர் சான்றுரை எழுதுகிறார். அந்தக் கையெழுத்தோடு அது சட்டம். சர்வசன வாக்கெடுப்புக்குப் போனவை தவிர மற்றவற்றுக்கு ஜனாதிபதியின் கையெழுத்துக்கூடத் தேவையில்லை.

கையெழுத்து விழுந்த பிறகு? 80ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி அடித்துச் சொல்கிறது: எந்த நீதிமன்றமும் எந்தக் காரணம் கொண்டும் அந்தச் சட்டத்தின் வலிதுடைமையைக் கேள்வி கேட்க முடியாது. இந்தியாவில் நிறைவேறி இருபது வருடம் ஆன சட்டத்தையும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். இங்கே அந்தக் கதவு முன்பக்கம் மட்டும்தான், அதுவும் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும். 2024 ஜனவரியில், இணையப் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் நிறைவேறி, பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைத்தார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று எதிர்க்கட்சி கத்தியது, வழக்கும் போட்டது. அந்த வழக்கு விசாரணைக்கே எடுக்கப்படவில்லை.

முன்கதவு திறந்திருக்கும்போது உள்ளே வராத ஒன்றைப் பின்னால் செருகினால் என்ன செய்வது? குழுநிலை என்பது அதற்கு வாய்ப்பான இடம். வரிவரியாகத் திருத்தம் செய்யும் கட்டம். அங்கே சேர்க்கப்படுவதை எந்தப் பிரசையும் முன்கூட்டிப் பார்க்க முடியாது, மனுக் கொடுக்கவும் முடியாது.

2017 செப்டெம்பர் 20ஆம் திகதி நடந்தது அதுதான். மாகாண சபைத் தேர்தல்களில் பெண் வேட்பாளர்களுக்கு 30 வீதம் ஒதுக்குவதற்கென்று ஒரு சட்டமூலம் வந்தது. யார் அதை எதிர்க்கப் போகிறார்கள்? நீதிமன்றத்துக்குப் போனவர்களும் அந்தச் சின்னச் சட்டமூலத்தைத்தான் பார்த்திருப்பார்கள். குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் வந்து விழுந்தன. வெளியே வரும்போது அது மாகாண சபைத் தேர்தல் முறையையே விகிதாசாரத்திலிருந்து கலப்பு முறைக்கு மாற்றிய வேறு ஒரு சட்டமாக இருந்தது. மூன்றிலிரண்டு வாக்கோடு நிறைவேறியது. சபாநாயகரின் சான்றுரையும் விழுந்தது. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம்.

புது முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை தயாராகிப் பாராளுமன்றத்துக்கு வந்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்பு. எதிராக 139, ஆதரவாக ஒன்றும் இல்லை. அதைச் சபையில் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று ஜனாதிபதி 2019இல் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார், முடியாது என்று பதில் வந்தது. பெண்களின் இடத்தைக் கூட்ட வந்த சட்டத்தால் இன்று எங்கள் மாகாண சபையில் ஒரு பெண்ணும் இல்லை, ஒரு ஆணும் இல்லை. பழைய முறைக்குத் திரும்பத் தனிநபர் சட்டமூலங்கள் வந்தும் தேர்தல் வரவில்லை. யாரும் மாகாண சபையை ஒழிக்கவில்லை. ஒழிப்பதாக இருந்தால் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், டெல்லியிலிருந்து கேள்வி வரும், ஊர் உலகம் பார்க்கும். இது அதைவிட வசதி. போகக் கூட்டத்தில் இந்த விளையாட்டை ஒருவர் காட்டியிருந்தால் வேட்டியோடு வீடு போயிருக்க மாட்டார்.

அந்த மாகாண சபை எவ்வளவு அதிகாரம் வைத்திருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி வடக்கு வாக்களித்தது. 38 ஆசனத்தில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது. முல்லைத்தீவுக்கு 5, மன்னாருக்கு 5, வவுனியாவுக்கு 6, கிளிநொச்சிக்கு 4 என்று வன்னிக்கு மட்டும் 20 பேர். பாராளுமன்றத்தில் யாழ்ப்பாணத்தோடு கரைந்துபோகும் கிளிநொச்சிக்கும் அங்கே தனி இடம் இருந்தது. ஐந்து நாள் கழித்து, செப்டெம்பர் 26ஆம் திகதி, மலையகத் தோட்டக் காணி ஒன்று பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் அரச காணி மீதான அதிகாரம் மத்திக்கே என்று தீர்ப்புச் சொன்னது. சபை முதல் அமர்வுக்குக் கூடுவதற்கு முன்னமே காணி போய்விட்டது. பொலிஸ் அதிகாரம் எப்போதுமே வரவில்லை. சபை நிறைவேற்றும் நியதிச்சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஆளுநரின் சம்மதம் வேண்டும், ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. முதலமைச்சராக வந்தவர் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன். சட்டம் தெரியாமல் யாரும் தோற்கவில்லை. சபை நியதிச்சட்டம் ஆக்கியதைவிடத் தீர்மானம் நிறைவேற்றியதுதான் கூட என்ற குறை நியாயமானது, ஆனால் பாதிக் காரணம் இந்த அமைப்பு.

இவ்வளவு குறைந்த அதிகாரத்திலும் ஒரு பல் இருந்தது. மாகாண நிரலில், அதாவது மாகாணத்துக்கு ஒதுக்கிய விடயங்களின் பட்டியலில், உள்ள ஒன்றில் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தால் எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றிலிரண்டு தேவை. 2012இல் வாழ்வின் எழுச்சிச் சட்டமூலம் வந்தது. சமுர்த்தி என்ற வறுமை நிவாரணத் திட்டத்தின் உத்தியோகத்தரைத் தெரிந்த எல்லாருக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கும். சமுர்த்தி அதிகார சபை உள்ளிட்டவற்றைச் சேர்த்து மத்தியில் ஒரே திணைக்களமாக்கும் திட்டம். மாகாண சபைகளைக் கேட்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் தெரிவான சபையே இல்லை. ஆளுநர் தானே வடக்கின் சார்பில் சம்மதம் கொடுத்தார். வழக்குப் போனது, ஆளுநர் அப்படிக் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்கள் தெரிவு செய்த சபையின் வாயை ஒரு நியமன ஆள் கடன் வாங்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நீதிமன்றத்துக்கு அதன் விலை வேறு. அந்த மாதங்களிலேயே பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 எம்.பி.மார் கையெழுத்திட்ட குற்றப்பிரேரணை வந்தது. பாராளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்தது. அப்படி ஒரு குழுவுக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றமும், அதன் அறிக்கை செல்லாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்ன பிறகும், 2013 ஜனவரி 11ஆம் திகதி 155க்கு 49 என்று நிறைவேறியது. 4ஆம் உறுப்புரையின் அந்த வரி, நீதி அதிகாரத்தைப் பாராளுமன்றம் நீதிமன்றங்கள் ஊடாக என்ற வரி, அந்தச் சில வாரங்களில் எல்லாருக்கும் பாடமானது.

அதே நீதிமன்றம் ஐந்து வருடம் கழித்து வேறு மாதிரி நின்றது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி முடிந்தது. இரண்டு நாள் கழித்துக் கொழும்பில் ஜனாதிபதி பிரதமரை மாற்றினார், நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்தார். எங்கள் சபை போனதைப் பற்றிப் பேச வேண்டிய பத்திரிகைகளில் பாராளுமன்றத்துக்குள் நடந்த மிளகாய்த்தூள் வீச்சு முதல் பக்கம். கலைப்புக்கு எதிராக வழக்குப் போட்டவர்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தனும் ஒருவர். டிசெம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் சட்டவிரோதம் என்றார்கள். தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கால் நாட்டின் பாராளுமன்றம் உயிர் தப்பியது. வடக்கின் சபைக்கு அப்படி ஒரு வழக்கும் வாய்க்கவில்லை. கலைக்கப்பட்டது என்றால் வழக்குப் போடலாம், தேர்தல் நடக்காமல் விடப்பட்டதற்கு எதைக் காட்டி வழக்குப் போடுவது?

சட்டம் ஆக்கும் சபை இல்லாமல் வாழ்வது எப்படி என்று வன்னிக்குப் பழக்கம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வன்னி மன்னன் பண்டாரவன்னியன் காலத்துக்குப் போக வேண்டாம், அங்கே தலைவரும் நீதிபதியும் ஒருவர்தான். 1990களிலிருந்து 2009 வரை இங்கே புலிகளின் நீதிமன்றம் இருந்தது, காவல்துறை இருந்தது, தண்டனைச் சட்டக்கோவை இருந்தது, சட்டக் கல்லூரிகூட இருந்தது. காணி வழக்கு வேகமாக முடிந்ததை இன்றும் வயதானவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சட்டங்களை யார் விவாதித்தார்கள், எந்தச் சபையில் எதிர்த்து ஒரு வாக்கு விழுந்தது என்று கேட்டால் பதில் இல்லை. மூன்று பெட்டியில் இரண்டுதான் இருந்தன, முதலாவது இல்லை. வேகத்துக்கும் அதுவே காரணம். இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

இப்போது காணி. வன்னியில் சட்டம் என்று யாராவது கவலைப்பட்டால் அது பெரும்பாலும் காணியில்தான் வந்து நிற்கும். 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர் காணி, அதில் முல்லைத்தீவில் மட்டும் சுமார் 1,700 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாக அறிவிக்கப்படும். இதற்காகப் பாராளுமன்றத்தில் ஒரு கையும் உயரவில்லை. தேவையே இல்லை. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம், பிரிட்டிஷ்காரர் காலத்தது, அந்த அதிகாரத்தை ஒரு அதிகாரிக்கு எப்போதோ கொடுத்துவிட்டது. மூன்று தலைமுறைக்கு முன் ஆக்கிய சட்டம் ஒரு வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் கண் விழிக்கிறது. 2009இல் உறுதியையும் பெர்மிட்டையும் பதுங்குகுழியிலும் கடற்கரையிலும் விட்டுவிட்டு வந்த சனத்திடம் மூன்று மாதத்துக்குள் கொண்டுவா என்றால் எதைக் கொண்டுவருவது? எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குப் போனது, ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை விலக்கிக்கொள்வதாகச் சொன்னது. அறிவித்தல் போனது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் திருத்தும் சட்டமூலத்தை எங்கள் எம்.பி.மாரில் யாராவது எழுதுவார்களா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு, அதுவும் காணியில்தான். விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று எங்கள் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகள். பெர்மிட்காரர் பின்னுரித்தாளரின், அதாவது தனக்குப் பிறகு காணி பெறுபவரின், பெயர் எழுதாமல் இறந்தால் அந்தச் சட்டத்தின் அட்டவணைதான் பேசும். அதில் மகன்மார் முதல், மகள்மார் பிறகு. போருக்குப் பிறகு இது என்ன செய்தது என்று எந்தப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் போய் இருந்தாலும் தெரியும். தாயைக் கடைசி வரை பார்த்த மகளிடம், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் பெயரைக் கேட்பார்கள். 2022இல் ஒரு திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் பேதத்தை எடுத்துவிட்டது. 87 வருடம் எடுத்தது, எடுத்தாலும் நடந்தது. ஊர்வலம் இல்லை, பதாகை இல்லை, பத்திரிகையில் ஒரு மூலை. எத்தனை மதகு கட்டினாலும் இதற்கு ஈடாகாது என்பது என் நிலைப்பாடு. ஆனால் அந்தத் திருத்தம் வந்தது தெரியாத குடும்பங்களை இன்றும் சந்திக்கிறேன்.

நீதித்துறை பற்றி ஒரு விசயம். குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கு முல்லைத்தீவு நீதிமன்றத்தில் நடந்தபோது, கட்டடவேலையை நிறுத்தச் சொன்ன கட்டளைகள் மதிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு திரும்பத் திரும்ப எழுந்தது. அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி ரி. சரவணராஜாவைப் பற்றிப் பாராளுமன்றத்திலேயே ஒரு உறுப்பினர் எழுந்து பேசினார். சபைக்குள் பேசுவதற்குச் சிறப்புரிமை உண்டு, வெளியே வழக்குப் போட முடியாது. 2023 செப்டெம்பரில் அந்த நீதிபதி, உயிர் அச்சுறுத்தலும் அழுத்தமும் என்று எழுதிவிட்டுப் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனார். சட்டவாக்கத்தின் பெட்டியிலிருந்து நீதித்துறையின் பெட்டிக்கு ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்று வகுப்பில் கேட்க வேண்டிய தேவை அந்த வருடம் எனக்கு இருக்கவில்லை. பிள்ளைகள் பேப்பரோடு வந்தார்கள்.

எங்கள் எம்.பி.மாரில் ஒருவரிடம் ஒரு நாள் நேரிலேயே சொன்னேன். காணி, தண்ணீர், காடு, உள்ளூராட்சி, இந்த நாலிலும் ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வந்தால், இரண்டாம் மதிப்பீட்டுக்கு முதல் அதன் தமிழ்ப் பிரதியைக் கமக்காரர் அமைப்புகளுக்கு அனுப்புங்கள், ஒரு கூட்டம் வையுங்கள். மனுக் கொடுக்கக் கிடைக்கும் நாட்கள் ஓடிவிடும் முன். அவர் மரியாதையாகவே கேட்டார். “சட்டமூலம் வாசிக்க ஆர் சேர் வருவினம்?” என்றார். காணி வர்த்தமானி வந்த அந்த மூன்று மாதமும் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி வரிவரியாக விளக்கம் கேட்டதை அவருக்குச் சொன்னேன். யோசிப்போம் என்றார். யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்புகிறேன்.

அதுவரை வகுப்பில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்து, முதலில் வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தையும் கடைசியில் சான்றுரைத்த சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதிதாக வந்த வரிகளுக்குச் சிவப்புக் கோடு போடுகிறோம். சிவப்புப் பேனை இரண்டு தடவை மை முடிந்துவிட்டது. அடுத்தது பாராளுமன்ற நடவடிக்கைகளின் பதிவான ஹன்சார்ட். அன்றைய வாக்கெடுப்பு பெயர்களோடு அதில் பதிவாகியிருக்கிறது. வன்னியின் ஆறு பேரும் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றார்கள், யார் சபைக்கே வரவில்லை என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறேன்.